சிறிய திரையும் எமது மக்களின் கண்களும்

சில மாதங்களுக்கு முன்னர் படுவான்கரையிலுள்ள ஒரு கிராமத்தில் வீடு சந்திக்கச் சென்றிருந்தேன். மாலை ஏழு மணியிருக்கும். திண்ணையில் மட்டுமே மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. உள்ளறையில் வெளிச்சமில்லை. நுளம்பு வலைக்குள் படுத்திருந்த பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, சிறிய டெப் கணினி ஒன்றை முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்தபடி கணிதப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதர், நீங்களாவது சொல்லுங்க. இப்பிடியே பார்த்தா கண் பொட்டையாப் போகும் எண்டு சொன்னா இவள் கேக்கிறாளில்ல" என்றார் தாய்.

"பாட்டுப் பார்க்கல்ல பாதர், பாடந்தான் பார்க்கிறன்" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

திண்ணையில் இருந்த தகப்பனாரின் கையில் கைத்தொலைபேசி இருந்தது. பசளை பற்றி வந்திருந்த குறுஞ்செய்தியைக் கையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார். "வாசிச்சுச் சொல்லுங்க பாதர். எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரித் தெரியுது" என்றார்.

ஒரே வீட்டில், ஒரே மாலைப் பொழுதில், மகள் திரையை மிகக் கிட்டவாகவும் தகப்பனார் மிகத் தூரமாகவும் பிடித்துக்கொண்டிருந்தனர். இருவருக்கும் கண் உளைந்தது. மகளின் கண்ணைப் பற்றி வீட்டில் சண்டை நடந்தது. தகப்பனாரின் கண்ணைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இந்த இரண்டும் எமது மக்களின் அபிவிருத்தியோடு சம்பந்தப்பட்ட விடயங்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

திரை எமது வீட்டுக்குள் வந்த விதம்

இந்தச் சிறிய திரையை நாம் ஆசைப்பட்டுத் தேடிப் போகவில்லை. 2020 மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வரத் தொடங்கின. சமிக்ஞை தேடிப் பிள்ளைகள் பாறைகளிலும் மரங்களிலும் ஏறியிருந்து படித்த செய்திகள் 2021இல் வெளிவந்ததை மறந்திருக்கமாட்டோம். பின்னர் 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அதே ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. இருட்டில் ஒளிர்ந்த ஒரே பொருளாக அந்தத் திரை இருந்த வீடுகள் பல.

இன்று பாடம் மட்டுமல்ல, காலநிலை அறிவித்தல், உதவிக் கொடுப்பனவுச் செய்தி, வங்கிச் செய்தி, வெளிநாட்டிலிருக்கும் தாயின் முகம் எல்லாமே அதற்குள் வந்துவிட்டன. 1990இலும் 2007இலும் ஊரைவிட்டு ஓடிய எமது குடும்பங்களில் பலருக்குக் காணி அனுமதிப்பத்திரமும் பிறப்புச் சாட்சிப்பத்திரமும் வழியிலேயே தொலைந்தன. மீண்டும் கஷ்டப்பட்டு எடுத்த பத்திரங்களை இப்போது படம் பிடித்துத் தொலைபேசியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஆகவே திரையைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்வது பொருந்தாத அறிவுரை. அதைக் கண் நோகாமல் எப்படிப் பயன்படுத்துவது என்பதே எமது கேள்வி.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

தூரத்தைப் பார்க்கும்போது கண்ணின் உள்ளே இருக்கும் தசை ஓய்வாக இருக்கிறது. கிட்டப் பார்க்கும்போது அந்தத் தசை இறுகி, கண்ணின் வில்லையைத் தடிப்பாக்குகிறது. இரண்டு கண்களும் உட்பக்கமாகத் திரும்புகின்றன. பொருள் எவ்வளவு கிட்ட வருகிறதோ அவ்வளவுக்கு வேலை கூடும். ஒரு முழத் தூரத்தில் வைத்துப் படிப்பதைவிட ஒரு சாண் தூரத்தில் படிக்கும்போது கண்ணின் வேலை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. திரை சிறிதானால் எழுத்தும் சிறிதாகும். எழுத்துச் சிறிதானால் நாம் அறியாமலேயே முகத்தைக் கிட்டக் கொண்டுபோவோம். சிறிய திரை கண்ணை உளையச் செய்வதன் முதற்காரணம் இதுவே.

இரண்டாவது காரணம் கண் சிமிட்டல். சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது தடவை கண் சிமிட்டுகிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது இது பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ குறைந்துவிடுகிறது. சிமிட்டும்போதுதான் கண்ணீர் கண்ணின் மேல் பரவி ஈரமாக்குகிறது. சிமிட்டாத கண் காய்ந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தும், எரியும், சிலவேளை காய்ந்ததாலேயே நீர் வடியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது இன்னும் கடுமையாக இருக்கும்.

மூன்றாவது காரணம் வெளிச்சம். இருட்டறையில் ஒளிரும் திரையும், நண்பகல் வெயிலில் மங்கித் தெரியும் திரையும் கண்ணுக்கு ஒரே அளவு தொல்லை தருகின்றன. சுற்றியுள்ள வெளிச்சமும் திரையின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும்.

நான்காவது காரணம் கண்ணில் இல்லை, கழுத்தில் இருக்கிறது. மனிதனின் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ பாரமுடையது. அதைக் குனிந்தபடி ஒரு மணித்தியாலம் தாங்கும் கழுத்து நோகத்தான் செய்யும். அந்த நோ தலைக்கு ஏறும்போது, "கண்ணால் வந்த தலையிடி" என்கிறோம்.

பயப்பட வேண்டியதும் வேண்டாததும்

திரையைப் பார்ப்பதால் கண் குருடாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எரிவு, உளைவு, மங்கல் எல்லாம் ஓய்வு கொடுத்தால் ஆறக்கூடியவை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "கண் கெட்டுவிடும்" என்ற பயத்தினால் டெப்பைப் பறித்து வைக்கும் வீடுகளில், பெரும்பாலும் பறிக்கப்படுவது பெண்பிள்ளையிடமிருந்துதான். அண்ணனும் தம்பியும் விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, படிக்கிறவளிடமிருந்து பறிக்கப்படுகிறது. "கண்ணாடி போட்ட பிள்ளையை ஆர் கட்டுவான்?" என்ற கேள்வி அதற்குப் பின்னால் இருக்கிறது. கண்ணாடி குறையல்ல. கண்ணாடி தேவைப்படும் பிள்ளைக்கு அதைக் கொடாமல் விடுவதே குறை. கரும்பலகை தெரியாத பிள்ளையை மொக்கு என்று பேசி, படிப்பை நிறுத்திய பெற்றோரை நான் கண்டிருக்கிறேன்.

பயப்பட வேண்டிய விடயமும் ஒன்று உண்டு. வளரும் வயதில் அதிக நேரம் கிட்டப் பார்ப்பதும், வெளியில் போகாமல் அடைந்து கிடப்பதும் கிட்டப்பார்வைக் குறைபாட்டைக் கூட்டுகின்றன. சீனாவின் குவாங்சோ நகரில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைப் பாடசாலை நாட்களில் நாளொன்றுக்கு 40 நிமிடம் மேலதிகமாக வெளியில் விட்டு மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, அப்படி விடப்பட்ட பிள்ளைகளில் 30 வீதமானோருக்கும், விடப்படாத பிள்ளைகளில் 40 வீதமானோருக்கும் கிட்டப்பார்வை ஏற்பட்டிருந்தது. வயல் வெளியிலும் வாவிக் கரையிலும் ஓடி விளையாடும் பிள்ளை நேரத்தை வீணாக்கவில்லை, கண்ணைக் காக்கிறது என்பதைப் பெற்றோர் உணர வேண்டும். பாடசாலையும் விட்டு, தனியார் வகுப்பும் விட்டு, பிறகு டெப்பும் என்றால் அந்தப் பிள்ளை சூரியனைக் காண்பது எப்போது?

சின்னஞ் சிறிசுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோறு தீத்துவதற்காகக் கைக்குழந்தையின் முன் திரையை வைக்கும் வழக்கம் கிராமங்களிலும் பரவிவிட்டது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

வியாபாரிகள் விற்கும் "நீல ஒளி தடுக்கும்" கண்ணாடிக்குக் காசைச் செலவழிக்க வேண்டாம். 17 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கொக்ரேன் அமைப்பு, அவை கண் உளைவைக் குறுகிய காலத்தில் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023இல் அறிவித்தது. அவ்வாறே கண்ணுக்குள் தாய்ப்பால், தேன், இலைச்சாறு விடுவதையும் தவிர்க்க வேண்டும். நந்தியாவட்டைப் பூவை மூடிய கண்மேல் வைத்துக் குளிர்ச்சி பெறுவது வேறு, கண்ணுக்குள் சாறு பிழிவது வேறு. பின்னையது கிருமியைக் கொண்டுவரும்.

நாற்பதைத் தாண்டியோர்

இனித் திண்ணையில் இருந்த தகப்பனாரிடம் வருவோம். நாற்பது வயதளவில் கண்ணின் வில்லை இறுகத் தொடங்குகிறது. கிட்டவுள்ள எழுத்து மங்குகிறது. இதையே எமது முன்னோர் வெள்ளெழுத்து என்றனர். இது நோயல்ல, நரை விழுவதைப் போன்றது. தப்புவார் எவருமில்லை. 1990இல் பத்து வயதுப் பிள்ளையாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவர், முகாமில் குப்பி விளக்கின் புகையில் பாடம் படித்தவர், இன்று நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். இடம்பெயர்ந்த அந்தத் தலைமுறை முழுவதும் இப்போது வெள்ளெழுத்தின் வயதில் நிற்கிறது. அந்த வயதிலேயே எல்லாப் படிவங்களும் சிறிய திரைக்கு மாறியிருக்கின்றன.

எனக்கும் இந்த அனுபவம் உண்டு. நாளாந்த செபங்களை டெப்பில் வாசிக்கத் தொடங்கிச் சில மாதங்களில் மாலை வேளைகளில் தலையிடி வந்தது. இரத்த அழுத்தம் என்று நினைத்தேன். கண் மருத்துவர் பரிசோதித்துவிட்டு ஒரு வாசிப்புக் கண்ணாடி தந்தார். தலையிடி போய்விட்டது. படித்தவன் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கே இது தெரியாமல் போனதென்றால், மற்றவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

எழுத்துத் தெரியாதது வெறும் சௌகரியக் குறைவா? ஒரு விவசாயியை எனக்குத் தெரியும். உதவிக் கொடுப்பனவுக்கான படிவத்தைத் திரையில் காட்டி, "சரியா ஐயா?" என்று கேட்டார்கள். எழுத்துத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, "சரி" என்றார். வங்கிக் கணக்கிலக்கத்தில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தது. மாதக் கணக்காகக் காரியாலயத்துக்கு நடந்தார். இன்னொருவர் கிருமிநாசினிப் போத்தலின் பொடி எழுத்தை வாசிக்க முடியாமல் குத்துமதிப்பாகக் கலந்து தெளித்தார். நட்டம் பயிருக்கும் வந்தது, அவரது தேகத்துக்கும் வந்தது.

தமிழ் எழுத்துக்கு ஒரு விசேட சிக்கலும் உண்டு. எமது மெய்யெழுத்து ஒரு புள்ளியினால் நிற்கிறது. எழுத்துச் சிறிதாகும்போது முதலில் மறைவது அந்தப் புள்ளியே. அடுத்து 'ர'வும் 'ற'வும், 'ன'வும் 'ண'வும் ஒன்றாகத் தெரியும். ஆங்கிலப் படிவத்துக்கு அளந்த இடத்துக்குள் தமிழை நெருக்கி அச்சிடுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கண்ணாடி ஒன்றினால் என்ன ஆகும் என்பதற்கு எம்மைப் போன்ற ஏழை மக்களிடமிருந்தே சான்று உண்டு. அசாமில் நாற்பது வயதைத் தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளரிடையே நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. வாசிப்புக் கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சுமார் 22 வீதம் கூடுதலான வேலைப்பயனைக் காட்டினர். வங்காளதேசத்தில் கிராமத்து மக்கள் 824 பேரிடையே நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. எட்டு மாதங்களில் கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் மற்றவர்களைவிட 33 வீதம் உயர்ந்திருந்தது. நெல்லில் கல் பொறுக்குவதும், விதை தெரிவதும், வலை பொத்துவதும், ஊசியில் நூல் கோர்ப்பதும் கண்ணை நம்பிய வேலைகளே அல்லவா?

"இதுவா இப்போது முக்கியம்?"

ஒரு வாசகர் இப்படிக் கேட்கக்கூடும்: "யானை வந்து வீட்டை உடைக்கிறது. கிணற்றில் தண்ணீர் இல்லை. காணிப் பிரச்சினை முடியவில்லை. சுவாமியோ கண் உளைவைப் பற்றி எழுதுகிறார்!" இந்தக் கேள்வி நியாயமானது. ஆயினும் யானை வேலிக்கான மனுவை எழுதுவதும், காணிக் கடிதத்துக்குப் பதில் போடுவதும், நட்டஈட்டுப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று தேடுவதும் கண்ணைக் கொண்டுதான். வாசிக்க முடியாதவன் பிறரை நம்பி வாழ வேண்டும். பிறரை நம்பிக் கையொப்பமிட்டு நாம் இழந்தவை கொஞ்சமா? எம் மக்கள் தம் காரியத்தைத் தாமே வாசித்துத் தாமே தீர்மானிக்க வேண்டும் என்பது எமது அபிவிருத்தி வேலையின் அடிப்படை. அதற்குக் கண் முதலில் வேண்டும்.

வீட்டிலே செய்யக்கூடியவை

இதற்குப் பெரிய செலவு இல்லை. திரையைச் சாண் தூரத்தில் அல்ல, முழத் தூரத்தில் வைக்கப் பழகுவோம். கையில் பிடிக்காமல் ஒரு செங்கல்லிலோ புத்தகங்களிலோ சாய்த்து மேசையில் வைத்தால் கழுத்தும் நிமிரும், தூரமும் தானாக அமையும். திரை கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் போதும். எழுத்தைப் பெருப்பிக்கும் வசதி எல்லாக் கருவியிலும் உண்டு. பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் செய்து தருவார்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம். இருட்டில் பார்க்க வேண்டாம். மின்குமிழ் பிள்ளையின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கட்டும், திரையில் பளிச்சிடாதபடி பார்த்துக்கொள்வோம். திண்ணையில் ஒரு குமிழ்தான் என்றால் படிக்கும் பிள்ளைக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் முற்றத்தில் இருந்து கதைக்கலாம்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை இருபது செக்கன் பார்க்க வேண்டும் என்று கண் மருத்துவர்கள் சொல்வார்கள். 56 கிலோமீற்றர் நீளமான வாவியைக் கரையோரமாகக் கொண்ட எமக்குத் தூரப் பார்க்க இடமா இல்லை? அக்கரையின் தென்னை மரங்களைப் பார்த்து, பத்துத் தடவை நன்றாகக் கண்ணை மூடித் திறந்தால் போதும்.

ஓய்வு கொடுத்தும் தலையிடி போகாத பிள்ளை, கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பிள்ளை, புத்தகத்தை மூக்கோடு வைக்கும் பிள்ளை கண் பரிசோதனைக்குப் போக வேண்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் கண் பார்வையும் பார்க்கப்படுகிறது. அன்று பிள்ளையை மறிக்காதீர்கள். நாற்பதைத் தாண்டியோரும் ஒருமுறை வைத்தியசாலைக் கண் பிரிவுக்குப் போவது நல்லது. சந்தையில் விற்கும் வாசிப்புக் கண்ணாடி வெள்ளெழுத்துக்கு உதவலாம். ஆனால் நீரிழிவும், கண்ணழுத்தமும், கண்ணில் பூ விழுவதும் அந்தக் கண்ணாடியால் வெளிப்பட மாட்டா.

கொடுப்பவர்களின் கடமை

குடும்பங்களிடம் மட்டும் கடமையைச் சுமத்துவது நீதியல்ல. டெப் கணினி வழங்கும் நிறுவனங்கள், படம் பிடித்துப் பத்திரிகைக்குக் கொடுப்பதோடு வேலை முடிந்ததென எண்ணலாகாது. கருவியோடு ஒரு மின்குமிழும், ஒரு சிறிய மேசையும், அந்த வீட்டில் நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கண் பரிசோதனையும் சேர வேண்டும். கருவியின் விலையோடு ஒப்பிட்டால் இவை சிறு தொகையே. அரச காரியாலயங்கள் படிவத்தைப் பெரிய தமிழ் எழுத்தில் தர வேண்டும். திரையில் பார்க்க முடியாதவருக்குக் கடதாசியில் கொடுக்க வேண்டும். ஒப்புதல் பெறுமுன் இலக்கங்களை உரத்து வாசித்துக் காட்ட வேண்டும். தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி அரச கரும மொழி. கண்ணுக்குத் தெரியாத அளவில் அச்சிட்ட தமிழ் அந்த உரிமையை நிறைவேற்றுமா?

எம்மையும் நான் விட்டுவிடவில்லை. எமது பயிற்சி வகுப்பொன்றில், சுவரில் காட்டிய எழுத்தைப் பின்வரிசையில் இருந்த தாய்மார் ஒருவரும் வாசிக்கவில்லை என்பதை வகுப்பு முடிந்த பின்னரே அறிந்தேன். அவர்கள் தலையை ஆட்டியபடி இருந்தார்கள், நாமும் விளங்கிவிட்டது என்று எழுதிக்கொண்டோம். இதை மாற்ற வேண்டும். ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் தமது கூட்ட மேசையில் வெவ்வேறு அளவிலான மூன்று நான்கு வாசிப்புக் கண்ணாடிகளைப் பொதுவாக வைத்திருந்தால் என்ன? கையொப்பமிட வருபவர் போட்டு, வாசித்து, பிறகு கையொப்பமிடட்டும். தராசும் மரக்காலும் பொதுவாக இருந்த ஊர்களுக்கு இது புதிய பழக்கமல்ல.

பெத்சாயிதாவில் இயேசு ஒரு பார்வையற்றவரைக் குணமாக்கிய நிகழ்ச்சி மாற்கு நற்செய்தியில் வருகிறது. ஏனைய புதுமைகளிலிருந்து அது சற்று வேறுபட்டது. முதல் முறை தொட்டபோது அந்த மனிதருக்குப் பார்வை அரைகுறையாகவே வந்தது. மனிதர்கள் நடமாடும் மரங்களைப்போல் தெரிந்தார்கள். எதையாவது காண்கிறாயா என்று இயேசு கேட்டார். அவரும் உள்ளதை உள்ளபடி சொன்னார். இயேசு அவரை அப்படியே அனுப்பிவிடவில்லை, மீண்டும் கை வைத்தார். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

எமது மக்களின் கைகளில் டெப் கணினியைக் கொடுத்தது முதல் தொடுகை. தெரிகிறதா என்று நாம் இன்னும் கேட்கவில்லை. கொடுப்பவர்கள் கேட்க வேண்டும். அதுபோல, "தெரியவில்லை" என்று உள்ளதைச் சொல்லும் துணிவு எமக்கும் வேண்டும். அடுத்த முறை யாராவது திரையை நீட்டி, "சரியா ஐயா? சரியா அம்மா?" என்று கேட்டால், "பொறுங்கள், கண்ணாடியை எடுத்துக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். கண்ணாடி இல்லையென்றால், "வாசித்துக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.